யாரும் கேட்காத கேள்வி

நம் கதைகளில் வரும் கதாநாயகர்களுக்கும் வியாதி வருவதுண்டு. ஆனால் எந்த வியாதி வரலாம், எது வரக் கூடாது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் க்ஷயரோகம் வந்துகொண்டிருந்தது. கதாநாயகன் வெள்ளைக் கைக்குட்டையில் இருமுவான். ஒரு துளி ரத்தத்தைக் காண்பான். கைக்குட்டையை மறைத்துக்கொண்டு, காதலியை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிடுவான். க்ஷயத்துக்கு மருந்து வந்ததும் கதாசிரியர்கள் நெஞ்சுவலிக்கு மாறினார்கள். சினிமாக்காரர்கள் புற்றுநோயைப் பிடித்துக்கொண்டார்கள். சிறுநீரகம் கெட்டுப்போன கதாநாயகன் ஒருவனை நான் படித்த கதைகளில் சந்தித்ததில்லை. எவ்வளவு நாசூக்காகச் சொன்னாலும் அந்த உறுப்பின் பெயரிலேயே சிறுநீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காதலுக்கு அது ஒத்துவராது என்று ஆசிரியர்கள் நினைத்திருக்க வேண்டும்.

ஒருவிதத்தில் அவர்கள் நினைத்தது சரிதான். இந்த வியாதி ஓர் ஆண்பிள்ளையின் காதலையும் தொடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வாசகர்கள் முகம் சுளிக்காமல் படிக்க வேண்டும். இந்த விஷயத்தில் முகம் சுளிப்பதால் வரும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல என்பதை ஒரு குடும்பத்தில் கண்ணால் பார்த்தவன் நான்.

குடும்பம் வேறு யாருடையதும் அல்ல, என் அக்காவுடையது. அத்தான் குளித்தலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் இப்போது 'பி.டி. சார்' என்கிறார்கள், ஊர்ப் பெரியவர்களுக்கு அவர் டிரில் மாஸ்டர்தான். அவர் விசில் ஊதினால் கடம்பந்துறைப் படித்துறையில் துணி துவைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போகும் நாளில் குளித்தலைக் கரையில் குதித்து, எதிரே முசிறியில் ஏறி, பாலத்தின் வழியாகப் பஸ்ஸில் வீடு திரும்புவது அவருடைய வருஷாந்தர வைபவம். ஈர வேட்டியோடு ஏறக் கூடாது என்று சொன்ன ஒரு கண்டக்டரிடம், "சரி, வந்த வழியே போறேன். டிக்கெட் காசு மிச்சம்" என்று சொல்லித் திரும்பவும் ஆற்றில் இறங்கியவர். இந்தக் கதையை அக்கா பெருமையும் கோபமுமாக ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு இப்போது 56 வயது. 15 வருஷத்துச் சர்க்கரை வியாதி சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. இரண்டு வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை பஸ்ஸில் திருச்சிக்கு வந்து டயாலிசிஸ் போட்டுக்கொள்கிறார். நான் திருச்சியில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். எனக்கு ஆபீஸ் கிடையாது. ஆகையால் ஆஸ்பத்திரிக்குத் துணை போகும் உத்தியோகம் என்னிடம் வந்து சேர்ந்தது.

பார்த்திராதவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இடது முன்னங்கையில் ஒரு ரத்தக் குழாயையும் இன்னொரு ரத்தக் குழாயையும் சின்ன ஆபரேஷன் செய்து இணைத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் அது விரல் தடிமனுக்குப் புடைத்துக்கொள்கிறது. மேலே கையை வைத்தால் தூங்கும் பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல் ஒரு குறுகுறுப்பு. அதில் இரண்டு பெரிய ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகிறது. கண்ணாடிக் குழல்போல் தோன்றும் வடிகட்டி ஒன்றில் புகுந்து, மற்ற ஊசி வழியாக உடம்புக்குத் திரும்புகிறது. 4 மணி நேரம். இந்த 4 மணி நேரத்தில் ஒரு மனிதனின் ரத்தத்தைக் கழுவ ஏறக்குறைய 120 லிட்டர் சுத்த ஜலம் செலவாகிறது. மேல்நாடுகளில் வாரத்துக்கு மூன்று முறை என்பது வழக்கம். நம் ஊரில் காசும் தூரமும் சேர்ந்து பலருக்கு இரண்டோடு நிறுத்திவிடுகின்றன.

இந்த யந்திரத்தின் பூர்வீகம் சுவாரசியமானது. 1943-ல் ஜெர்மானியர்கள் ஹாலந்தைப் பிடித்துவைத்திருந்த சமயம், காம்ப்பன் என்னும் சிறிய ஊரில் வில்லெம் கோல்ப் என்ற இளம் டாக்டர், மாமிசம் அடைக்கும் ஸாஸேஜ் உறைக்கான செலோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி அதற்குள் ரத்தத்தை ஓட்டிப் பார்த்தார். முதலில் வந்த நோயாளிகள் அநேகமாக எல்லோரும் இறந்துபோனார்கள். 1945-ல் 67 வயது ஸ்திரீ ஒருத்தி பிழைத்தாள். அப்புறம் 1960-ல் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையிலேயே நிரந்தரமாகத் தங்கும் டெப்லான் குழாயைப் பொருத்தி, ஒரே ஆளுக்கு மறுபடி மறுபடி டயாலிசிஸ் செய்யலாம் என்று காட்டினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் 11 வருஷம் உயிரோடிருந்தார். யந்திரங்கள் கொஞ்சம், சாகக் கிடப்பவர்கள் நிறைய. யாருக்குப் படுக்கை கொடுப்பது என்று தீர்மானிக்க அந்த ஊரில் ஒரு கமிட்டியே போட்டார்கள். ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், ஒரு பாங்கிக்காரர், ஒரு குடும்பத்துப் பெண்மணி என்று 7 பேர் உட்கார்ந்து, இவன் பிழைக்கட்டும், அவன் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். 1962-ல் 'லைப்' பத்திரிகை இதை வெளியிட்டபோது அமெரிக்காவே திடுக்கிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாளில் உயிர் ஒன்றுதான் கேள்வி. பிழைத்தாயா, சரி, போய் வா. எழுந்து நடக்கிறாயா, மாடிப்படி ஏற முடிகிறதா, பெண்டாட்டியோடு சந்தோஷமாக இருக்கிறாயா என்றெல்லாம் கேட்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது; கேட்டிருந்தால் நன்றிகெட்ட கேள்வியாகப் பட்டிருக்கும். 60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று குளித்தலை டிரில் மாஸ்டருக்குக்கூடப் படுக்கை கிடைக்கிறது. ஆனால் அவர் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரியா, கிரியாட்டினின் என்று வரிகள் இருக்கின்றனவே தவிர, அந்தப் பழைய கேள்விகளுக்கு ஒரு வரி இல்லை.

அத்தான் மாறிக்கொண்டு வந்தார். வியாதி வந்தவர் மாறத்தானே செய்வார் என்று நாங்கள் இருந்துவிட்டோம். தொடைகள் வற்றின. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க அக்காவிடம் நீட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு கைகளையும் ஊன்றினார். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாதது வேறு. யாரோடும் பேச்சில்லை. பத்திரிகை படிப்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா தட்டில் சோற்றை வைத்தால், "வச்சிட்டுப் போ" என்று ஒரு சொல். ராத்திரியில் அவர் அறையில் ஜன்னலோரம் திரும்பிப் படுத்துக்கொள்ள, இவள் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"நான் என்னடா தப்புப் பண்ணினேன்?" என்று என்னிடம் கேட்டாள். "ஒரு நாள் முகம் கோணியிருப்பேனா? பீங்கான்லே வாந்தி எடுத்தா நான்தானே கழுவறேன்? என்னைக் கண்டா ஏண்டா அவருக்கு இப்படி ஆகாமப் போச்சு?"

26 வருஷம் வாழ்ந்த ஒரு பெண்பிள்ளை தன் தம்பியிடம் இதற்கு மேல் சொல்ல முடியாது. சொல்லாததை நான் புரிந்துகொண்டேன்.

சென்ற தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து என் வீட்டில் படுத்திருந்தவருடைய பையில் அக்கா மருந்துச் சீட்டைத் தேடியிருக்கிறாள். அடியில் ஒரு டப்பா அகப்பட்டது. உள்ளே கறுப்பாக, நெய் மணக்கும் ஒரு லேகியம். காகிதப் பொட்டலங்களில் சிவப்பாக ஏதோ ஒரு பஸ்பம். டப்பாவின் மேல் ஓடும் குதிரையின் படம்.

நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில், ரயில்வே மேம்பாலத்துத் தூணில், இந்த மாதம் இன்ன தேதி, இன்ன லாட்ஜில், இத்தனாம் நம்பர் அறையில் வைத்தியர் தங்குவார் என்று ஒட்டியிருப்பார்கள். கூடவே அந்த இரண்டு வார்த்தைகள்: 'ஆண்மைக் குறைவு'. எத்தனையோ ஆண்பிள்ளைகள் அந்தச் சுவருக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல் நின்று தேதியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். வைத்தியர் ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார். எல்லாம் தெரிந்தவர்போல் தலையை ஆட்டுவார். அவருடைய வியாபாரமே அந்தத் தலையாட்டலில்தான் நடக்கிறது. 6,000 ரூபாய் கொடுத்திருக்கிறார் அத்தான்.

நான் அவரைத் தனியாகக் கேட்டேன். வெகுநேரம் மச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே போய்ச் சொல்றது, மாப்பிள்ளை? ஆஸ்பத்திரியிலே இருக்கிற டாக்டரம்மாவுக்கு என் பொண்ணு வயசு. அவங்க ரவுண்ட்ஸ் வரும்போது பக்கத்துப் படுக்கையிலே ஆளு, அந்தாண்டை நர்ஸு. 'தண்ணி குறைச்சுக் குடிங்க சார்'ங்கறாங்க. சரிங்கறேன். போயிடறாங்க."

"அக்காகிட்டேயாவது சொல்லியிருக்கலாமே, அத்தான்."

"என்னன்னு சொல்றது? ஆம்பளைன்னு சொல்லிக்கிட்டு அவ முன்னாலே உட்கார்ந்திருக்கவே கூச்சமா இருக்குடா."

அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாளைப் பார்க்கப் போனேன். சின்ன வயதுதான், ஆனால் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுற்றி வளைக்க ஆரம்பித்ததும், "ஆண் ஹார்மோன் பற்றிக் கேட்கிறீர்களா?" என்று மளிகைக் கணக்குக் கேட்பதுபோல் கேட்டுவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. லேகியத்தைப் பார்த்ததும்தான் முகம் மாறிற்று. பஸ்பங்களில் பாதரசம், ஈயம் போன்றவை இருக்கக்கூடும். மிச்சம் மீதி இருக்கிற சிறுநீரக சக்தியையும் அவை முடித்துவிடும். வேர்களிலும் இலைகளிலும் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் உள்ளவனுக்கு அது ஒன்றும் செய்யாது. இல்லாதவனுக்கு ரத்தத்தில் ஏறி இருதயத்தை நிறுத்திவிடும். இளநீரும் வாழைப்பழமும் கூடாதென்று பத்தியம் சொல்வது இதற்காகத்தானே! 6,000 ரூபாய் கொடுத்து இருதயம் நிற்க வழி தேடியிருக்கிறார் எங்கள் அத்தான்.

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கல்லூரியில் விஞ்ஞானம் எடுத்துப் பாதியில் விட்டவன் நான். தவளையை அறுத்ததோடு என் படிப்பு நின்றது. ஆகையால் வீட்டில் புத்தகங்களையும் புரட்டினேன்.

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விதைகளில் சுரக்கும் ஒரு ரசம். காட்டுக் குதிரை ஓட்டம் ஓடுவதற்கு மட்டுமல்ல அது. தசையைக் கட்டுவது, எலும்பை உறுதிப்படுத்துவது, ரத்தத்தின் சிவப்பை வளர்ப்பது, மனசுக்கு ஓர் உற்சாகத்தைக் கொடுப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. இந்த வம்சத்து ஹார்மோன் ஒன்றை மனிதன் முதலில் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? 1931-ல் அடால்ப் பூட்டெனாண்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஆயிரக்கணக்கான லிட்டர் போலீஸ்காரர்களின் சிறுநீரைச் சேகரித்துக் காய்ச்சி வடித்துச் சில மில்லிகிராம் பெற்றார். கான்ஸ்டபிள்கள் என்ன நினைத்துக்கொண்டு பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போனார்களோ! டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயர் 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தது; அது காளையின் விதையிலிருந்து எடுத்தது.

சிறுநீரகம் பழுதானால் இது ஏன் குறைய வேண்டும்? சிறுநீரகத்தை நாம் சாக்கடைக் கால்வாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு கச்சேரி ஆபீஸ். உடம்பின் பல உத்தரவுகள் அதன் வழியாகப் போகின்றன. அது கெட்டால், விதைகள் தங்களுக்கு வரும் உத்தரவுக்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. மூளையின் அடியில் இருந்து தாளம் தப்பாமல் வரவேண்டிய அந்த உத்தரவும் தாளம் கெட்டுவிடுகிறது. புரோலாக்டின் என்று இன்னொரு ஹார்மோன், தாய்ப்பாலுக்கானது, ஆண்களிடமும் சிறிது உண்டு. அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் சும்மா இருப்பதால் அது ரத்தத்தில் தேங்கி, ஆண் ஹார்மோனை மேலும் அமுக்குகிறது. யந்திரம் யூரியாவைக் கழுவும், இதைச் சரிசெய்யாது. எத்தனை வருஷம் படுத்தாலும் சரிசெய்யாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் பலருக்குத் தானாகவே மீள்கிறது.

இது அபூர்வமும் அல்ல. ஸ்வீடனில் சிறுநீரகம் அடியோடு போன 260 ஆண்களைச் சோதித்து 2011-ல் எழுதியிருக்கிறார்கள். 100-க்கு 44 பேருக்கு ஹார்மோன் பற்றாக்குறை. இன்னும் 33 பேருக்கு இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை. சரியான அளவு இருந்தவர்கள் 100-க்கு 23 பேர்தான். அதாவது அந்த வார்டில் வரிசையாகப் படுத்திருக்கும் பத்து ஆண்பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு ஒரே கதை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று எண்ணிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மாள் ரத்தம் எடுக்கச் சொன்னார். காலையில்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் இது உச்சத்தில் இருக்கும். ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் குறைந்தால் குறைவு என்பது பொதுவான கணக்கு. அத்தானுக்கு வந்தது 170. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். வருத்தமில்லை, ஒருவித ஆச்சரியம். "இது ஒரு நம்பரா?" என்றார். சர்க்கரைக்கு நம்பர் உண்டு, பிரஷருக்கு நம்பர் உண்டு, இதற்கும் உண்டு என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

உடனே ஊசி போட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். டாக்டரம்மாள் அவசரப்படவில்லை. முதலில் அவருடைய மாத்திரைகளை எல்லாம் மேஜைமேல் கொட்டச் சொன்னார். சாப்பிட்டதும் குமட்டுகிறது என்று என்றோ ஒரு நாள் எழுதிக்கொடுத்த டோம்பெரிடோன் மாத்திரையை அத்தான் இரண்டு வருஷமாக மூன்று வேளையும் விழுங்கிக்கொண்டிருந்தார். அது புரோலாக்டினை ஏற்றிவிடும் மருந்து. அதை நிறுத்தினார். பிறகு அக்காவிடம், என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று விசாரித்தார்.

இங்கே ஒரு சோகமான வேடிக்கை. டயாலிசிஸுக்கு முன்னால், சிறுநீரகத்துக்குப் பாரம் கூடாது என்று பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு சட்டம் தலைகீழ். யந்திரத்தில் புரதம் கொஞ்சம் போய்விடுகிறது, ஆகையால் கூடுதலாகவே சாப்பிட வேண்டும். இதை யாரோ சொல்லியும் இருப்பார்கள், பத்து விஷயங்களோடு பதினோராவதாக. அக்கா காதில் விழவில்லை. அவள் பழைய பத்தியத்தை விரதம்போல் காத்து, காய்கறியை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து, ஒரு கரண்டி பருப்புக்கும் கணக்குப் பார்த்து, இரண்டு வருஷமாக அன்பினாலேயே அவரைப் பட்டினி போட்டிருக்கிறாள். கிரியாட்டினின் குறைந்திருக்கிறது என்று போன வருஷம் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தாள். டாக்டரம்மாள் இதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. யந்திரத்தில் இருப்பவருக்கு அது தானாகக் குறைந்துகொண்டே போனால், சிறுநீரகம் தேறுகிறது என்று அர்த்தமில்லை. தசை கரைகிறது என்று இருக்கலாம்.

ஹார்மோனும் தசையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு அந்த ஸ்வீடன்காரர்களின் இன்னொரு சோதனையே சாட்சி. 2009-ல் வெளியானது. டயாலிசிஸில் இருந்த 126 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில், டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைந்திருந்தவர்கள் அதிகமாக இறந்தார்கள். ஆனால் கிரியாட்டினினையும், அதாவது தசையையும், கணக்கில் சேர்த்தபோது அந்தச் சம்பந்தம் மறைந்துவிட்டது. ஹார்மோன் போனது தசை வழியாகத்தான் ஆளைச் சாய்க்கிறது என்று ஊகிக்க இடமிருக்கிறது. எனக்கு இது பெரிய வெளிச்சமாகப் பட்டது. சுவரொட்டி வைத்தியர் விற்பது படுக்கையறைச் சமாசாரம். உண்மையில் போய்க்கொண்டிருப்பது தொடை.

தொடையைக் காப்பாற்ற வழி உண்டா? ஸான்பிரான்சிஸ்கோவில் கிர்ஸ்டன் ஜொஹான்சன் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1999-ல் 29 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து, பாதிப்பேருக்கு நாண்ட்ரலோன் என்ற ஆண் ஹார்மோன் வகை ஊசியை வாரந்தோறும் 6 மாதம் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்குத் தசை கூடிற்று. நடையும் படி ஏறுவதும் வேகமாயின. (ரத்தத்தை ஊறவைக்கும் எரித்ரோபாய்டின் ஊசி 1980-களின் கடைசியில் வரும்வரை, சோகைக்காகவே டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆண் ஹார்மோன் கொடுப்பது வழக்கமாக இருந்தது.) 2006-ல் 79 பேரை வைத்து இன்னொரு சோதனை. இம்முறை சிலருக்கு ஊசி, சிலருக்கு யந்திரத்தில் படுத்திருக்கும்போதே கணுக்காலில் எடை கட்டிப் பயிற்சி, சிலருக்கு இரண்டும். உடம்பின் தசையைக் கூட்டியது ஊசி. பலத்தைக் கூட்டியதும், 'என்னால் முடிகிறது' என்று நோயாளியைச் சொல்லவைத்ததும் பயிற்சி.

ஊசியில் ஆபத்தில்லாமல் இல்லை. ரத்தம் தடித்துவிடலாம், புராஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருதய நோய் உள்ள, அல்லது வரக்கூடிய, 5,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 2023-ல் வெளியிட்ட அமெரிக்கச் சோதனையில், டெஸ்டோஸ்டிரோனால் மாரடைப்பு அதிகமாகவில்லை. ஆனால் இருதயத் துடிப்புத் தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகம். அத்தானின் இருதயம் ஏற்கனவே களைத்தது. ஆகவே முதலில் கால், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டரம்மாள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். 24 விநாடி. டிரில் மாஸ்டர் முகம் சிவந்துவிட்டது. "ஏழாம் கிளாஸ் பையன் இதைப் பண்ணினா நான் வெயில்லே நிறுத்தியிருப்பேன்" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் சொந்தக் குரலில் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அவருடைய பழைய காக்கி நிஜாரை வெட்டி அக்கா இரண்டு பைகள் தைத்தாள். பைக்கு ஒரு கிலோ காவிரி மணல். யந்திரத்தில் போட்ட முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கால்களை நீட்டி மடக்க வேண்டும்; அதற்குப் பிறகு ரத்த அழுத்தம் இறங்கக்கூடும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவள் அவள்தான், எண்ணுவதும் அவள்தான். தினம் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும் அவள் பொறுப்பு.

இந்தக் கட்டத்தில் 'ஆண்மை' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் அதைப்போல் பாரம் சுமக்கும் சொல் குறைவு. வீரமும் அதுதான், ஆளும் தன்மையும் அதுதான், பிள்ளை பெறும் சக்தியும் அதுதான். நல்ல நாளில் இது ஒரு வசதி. மேடையில் பேசலாம், கதாநாயகனை வர்ணிக்கலாம். ஆனால் ரத்தத்தில் ஒரு பொருள் குறைந்தவனிடம் போய், உனக்கு ஆண்மை குறைந்துவிட்டது என்று சொன்னால் அந்த மூன்றும் ஒன்றாகப் போய்விட்டதாக அவன் எடுத்துக்கொள்கிறான். அவன் தைரியமும் கௌரவமும் ஏன் குறைய வேண்டும்? வாரத்துக்கு இரண்டு தடவை, வலிக்க வலிக்கப் பெரிய ஊசிகளுக்குக் கையை நீட்டிவிட்டுப் பஸ் ஏறி வீடு போகிறவனைவிட வீரன் யார்? டெஸ்டோஸ்டிரோன் என்ற வாயில் நுழையாத பெயரை அதனாலேயே நான் விரும்புகிறேன். அதில் பழைய பாரம் எதுவும் இல்லை. சர்க்கரை, உப்பு என்பதைப்போல் நாலுபேர் நடுவில் சொல்லலாம்.

சொல்லியும் விட்டார் அத்தான். பக்கத்துப் படுக்கையில் ஒரு பஸ் கண்டக்டர். 40 வயதுகூட இராது. மணல் பைகளை ஒரு மாதம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் மெதுவாக, "சார், அந்த டெஸ்ட்டுக்கு என்ன பேரு?" என்றார். எங்கள் மனுஷன் மைதானத்தில் நிற்கும் குரலில், எழுத்துக் கூட்டிப் பெயரைச் சொல்லி, "காலையிலே எடுக்கணும்! லேட்டா எடுத்தா தப்பா வரும்! சாப்பிடற மாத்திரையெல்லாம் டாக்டர்கிட்டே காட்டணும்! லாட்ஜுக்கு மட்டும் போயிடாதே, தம்பி!" என்றார். வார்டு முழுவதும் கேட்டது. நர்ஸ்கள் சிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். கண்டக்டர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கையிலும் ஒரு சீட்டு இருந்தது.

நான்கு மாதம் ஆயிற்று. ரத்தத்தில் 170 என்பது 225 ஆகியிருக்கிறது, குறைவுதான். ஊசி போடலாமா என்பதை இருதய டாக்டரைக் கலந்துகொண்டு அடுத்த மாதம் சொல்வதாக இருக்கிறார்கள். நாற்காலிக் கணக்கு 24-லிருந்து 17 விநாடிக்கு வந்திருக்கிறது. அவருக்குப் பிரமாதமான மாறுதல் எதுவும் வந்துவிடவில்லை. டயாலிசிஸ் முடிந்த அன்று இப்போதும் துணிபோல் சாய்ந்துவிடுகிறார். ஆனால் அந்தச் சோதனைச் சீட்டை அவரே அக்காவிடம் காட்டி என்னவோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் கிடந்த பாய் மட்டும் இப்போது அங்கே இல்லை.

ஆடிப்பெருக்குக்குக் கடம்பந்துறையில் தண்ணீர் வரும். ஆற்றில் இறங்கலாமா என்று டாக்டரம்மாளிடம் கேட்டார். நீந்தக் கூடாது, ஊசி போட்ட கையில் ஆற்றுத் தண்ணீர் படக் கூடாது, முழங்கால்வரை நிற்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. அவருக்கு அது போதுமாம். அவருடைய கவலை தண்ணீரைப் பற்றியதல்ல. இறங்கிவிட்டுத் திரும்பி ஏற வேண்டிய படிகளைப் பற்றியது. ஆள் அனுப்பி எண்ணிவரச் சொல்லியிருக்கிறார்.